பொறியியல் படித்தவன் பொறியாளன் மட்டும்தானா?



மலர்க் குழு நண்பர்கள் "டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது ஹைட்ராலிக் பிரேக் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி எழுதியும் விட்டேன். அதற்குள் விடுமுறை வந்தது. ஊருக்குப் போனேன். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என் ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் சைக்கிள் மிதித்தால் உப்பளம். அங்கே வலை சரிசெய்துகொண்டே அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"பெரியவனும் மூணு வருஷம் மெஷின் படிச்சான். இப்ப உப்பளத்துல கணக்கு எழுதுறான். நீயும் அதையே படிக்கிற. மெஷின் வேலைக்குப் போகலைன்னா இந்தப் படிப்பு எதுக்குடா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஹைட்ராலிக் பிரேக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏனென்றால் இது என் வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. உங்களுக்குத் தெரிந்த சீனியர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் போலீஸ் தேர்வு எழுதிக் காக்கிச் சட்டை போட்டிருப்பார். ஒருவர் செல்போன் கடை வைத்திருப்பார். ஒருவர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருப்பார். ஒருவர் அப்பாவின் படகில் ஏறியிருப்பார். இவர்கள் படித்த மூன்று வருடமும் வீணா? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று ஊர் சொல்வது சரிதானா? இதை ஒரு பாடம்போல எடுத்துக்கொண்டு கொஞ்சம் பார்ப்போம்.

வாக்கு இயந்திரமும் துப்பறியும் கதையும்

முதலில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர். எழுத்தாளர் சுஜாதா (1935–2008). இயற்பெயர் ரங்கராஜன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தார். நம் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் இதே இரண்டு கல்லூரிகளில் படித்தவர்தான். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், பெயர்க் குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

இவர் வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவர் இல்லை. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல வருடம் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த இயந்திரத்தின் யோசனையைக் கவனியுங்கள். அதிகாரியிடம் ஒரு பெட்டி, வாக்காளரிடம் ஒரு பெட்டி, நடுவில் ஐந்து மீட்டர் கேபிள். பேட்டரியில் ஓடும், கரண்ட் வேண்டாம். ஒருவர் பொத்தானை அமுக்கியதும் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். அதிகாரி மறுபடி அனுமதித்தால்தான் அடுத்த ஓட்டு. தப்பு செய்ய நினைப்பவன் என்னவெல்லாம் செய்வான் என்று முன்கூட்டியே யோசித்தால்தான் இப்படி ஒரு வடிவமைப்பு வரும். துப்பறியும் கதை எழுதுகிறவனும் அதைத்தானே யோசிக்க வேண்டும்? கணேஷ், வசந்த் கதைகளைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கேரளத்தின் பரவூர் தொகுதியில் 1982ல் 50 வாக்குச் சாவடிகளில் முதன்முதலாக வாக்கு இயந்திரம் வைக்கப்பட்டது. இயந்திரம் வேலை செய்தது. ஆனால் சட்டத்தில் இடம் இல்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1988ல் சட்டத்தைத் திருத்தி, படிப்படியாகப் பயன்படுத்தி, 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடு முழுவதும் வந்தது. 22 வருடம்! இயந்திரம் செய்தால் மட்டும் போதாது, அதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும். ஜூனியர் விகடனில் "ஏன்? எதற்கு? எப்படி?" என்று வாசகர் கேள்விகளுக்கு அறிவியல் பதில் சொன்னதும் இதே சுஜாதாதான். பட்டறையில் கற்றதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்.

நம் ஆளும் ஒருவர் இருக்கிறார்

"அவரெல்லாம் எம்.ஐ.டி., நாம டிப்ளமோ" என்று ஒதுங்க வேண்டாம். ஜென்டில்மேன் (1993), காதலன் (1994), இந்தியன் (1996) எடுத்த இயக்குநர் ஷங்கர், சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். நாம் திட்டிக்கொண்டே படிக்கிற அதே படிப்பு. இந்தியன் படத்திற்கு வசனம் சுஜாதா. பிறகு 2010ல் வந்த எந்திரனில் சுஜாதா, ஷங்கர் ஆகியோருடன் வசனத்தில் சேர்ந்தவர் மதன் கார்க்கி. அவர் கிண்டியில் கம்ப்யூட்டர் படித்தவர். ஆக, தமிழில் ஒரு ரோபோ படம் வந்தபோது அதன் பேச்சை எழுதிய மூன்று பேருமே டிராயிங் போர்டையோ கம்ப்யூட்டர் லேபையோ பார்த்தவர்கள்!

சிரிக்க வைத்த கிரேஸி மோகன் (1952–2019) கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். கல்லூரி நாடகப் போட்டிக்காக 1972ல் எழுதத் தொடங்கியவர்தான். அவர் நாடகத்தில் முதல் காட்சியில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை, கடைசிக் காட்சியில் கியர் பல் மாதிரி வந்து பொருந்தும். ஒரு பல் உடைந்தாலும் சிரிப்பு நின்றுவிடும்.

கிரிக்கெட்டிலும் உண்டு. 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணித் தலைவராக இருந்து, பின்னர் சர்வதேச நடுவராகவும் நின்ற வெங்கட்ராகவன் கிண்டி பொறியியல் பட்டதாரி. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரு அணிகளிலும் அதிகமாக 38 ரன் எடுத்த ஸ்ரீகாந்த், அதே கல்லூரியில் எலக்ட்ரிக்கல். டெஸ்டில் 537 விக்கெட் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற அஸ்வின் பி.டெக். படித்தவர்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட வியப்பாக இருப்பவர் வா.செ.குழந்தைசாமி (1929–2016). சிவில் பொறியாளர். மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு நீர் எப்போது வரும் என்று கணக்கிடும் நீரியலில் அவர் பெயரிலேயே ஒரு முறை உண்டு. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அவரே "குலோத்துங்கன்" என்ற பெயரில் கவிதை எழுதினார். "வாழும் வள்ளுவம்" நூலுக்காக 1988ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் பற்றிப் பேசும்போதும், எத்தனை குறியீடு இருக்கிறது, எத்தனை இருந்தால் போதும் என்று எண்ணிப் பார்த்தார். வெள்ளத்தை எண்ணிய அதே கண்தான் எழுத்தையும் எண்ணியது.

இவர்கள் எல்லோரும் திறமைசாலிகள், படிப்பால் மட்டும் பெரியவர்கள் ஆனவர்கள் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அதனால் பெரியவர்களை விட்டுவிட்டு, உப்பளத்தில் கணக்கு எழுதும் என் அண்ணனிடம் வருகிறேன். படித்ததில் என்ன மிச்சம் நின்றது என்பதை அங்கேதான் நான் கண்ணால் பார்த்தேன்.

வேலை மாறினாலும் கூடவே வருபவை

ஒன்று, அளப்பது. ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புகள் கரைந்திருக்கும். அதில் நாம் சாப்பிடும் உப்பு சுமார் 27 கிலோ. தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். உப்பளத்தில் இதை டிகிரி என்பார்கள். கண்ணாடிக் குழல் ஒன்றை உவர்நீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது; நம் லேபில் உள்ள ஹைட்ரோமீட்டர்தான். கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். 25ஐ ஒட்டி வந்தால் உப்பு விழும். 30ஐ நெருங்கினால் மக்னீசியம் உப்புகள் சேர ஆரம்பித்து உப்பு கசக்கும், ஈரம் விடாது. அதற்குள் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். பழைய ஆட்கள் கையால் தொட்டே சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அண்ணன் அவர்களை மதிப்பார். ஆனாலும் தினமும் காலையில் குழலை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவார். "அவங்க கை அவங்களோட போயிடும். நோட்டு இருக்கும்" என்பார்.

இரண்டு, வரைந்து பார்ப்பது. எஞ்சினியரிங் டிராயிங்கில் ஒரே பொருளை முன்பார்வை, மேல்பார்வை, பக்கப்பார்வை என்று மூன்று விதமாக வரைகிறோமே, ஏன்? ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சிலிண்டரும் செவ்வகமாகத்தான் தெரியும். ஆங்கிலப் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இளம் வயதில் ஒரு தந்திக் கேபிள் கம்பெனியில் படம் வரையும் வேலை பார்த்தவர். பிறகு சினிமாவுக்கு வந்தபோதும் காட்சிகளைக் காகிதத்தில் வரைந்து முடித்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்குப் போவார். அண்ணனும் பாத்திகளுக்கு நடுவே புது வாய்க்கால் வெட்டுவதற்கு முன் தரையில் குச்சியால் வரைந்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். வெட்டிய பிறகு வரும் சண்டை, வரையும்போதே வந்து தீர்ந்துவிடும்.

மூன்று, பாதுகாப்புக் காரணி. ஒரு கம்பி 40 கிலோநியூட்டனில் அறும் என்றால், நாம் 10க்கு மேல் ஏற்றுவதில்லை. காரணி 4. கணக்கில் நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கும் என்று ஒப்புக்கொள்ளும் அடக்கம் அது. ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளம் படுத்துவிடும். கிடைக்கிற மாதங்களின் கூலியில்தான் கிடைக்காத மாதங்களும் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் சம்பளத்தைக் கடைசி ரூபாய் வரை செலவுக்குக் கணக்குப் போடாத முதல் ஆள் அண்ணன்தான்.

நான்கு, பழுதை வரிசையாகத் தேடுவது. பம்பில் தண்ணீர் வரவில்லை என்றால் ஃபூட் வால்வு, உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு, பிறகு இம்பெல்லர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். எடுத்தவுடன் மோட்டாரைப் பிரிப்பதில்லை. ஒருமுறை லாரியில் ஏற்றிய கணக்கில் 12 மூட்டை குறைந்தது. எல்லோரும் லோடு ஏற்றிய ஒருவரைச் சந்தேகப்பட்டார்கள். பேச்சு வளர்ந்து கைகலப்பு வரை போக இருந்தது. அண்ணன், "இருங்க, முதல்ல நோட்டைப் பார்ப்போம்" என்று உட்கார்ந்தார். கணக்கை நடுவில் பிரித்து, முதல் பாதி சரியா என்று பார்த்தார். சரி. இரண்டாவது பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்தார். அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது: ஒரு பக்கத்தின் கூட்டலை அடுத்த பக்கத்தில் எழுதும்போது 69 என்பது 81 ஆகியிருந்தது. எழுதியவர் அண்ணனேதான்! எல்லோர் முன்னாலும் "என் தப்பு" என்றார். ஒரு மனிதன் திருடன் என்ற பெயரிலிருந்து தப்பினான். அந்த அரை மணி நேரத்துக்காகவே மூன்று வருடம் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கெட்டதும் கூடவே வரும்

இனி சொல்வது என் கதை. சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன்.

இரண்டாம் ஆண்டில் இழுவிசைச் சோதனை செய்முறைக்கு, கம்பியை இழுத்துப் பார்த்ததென்னவோ உண்மை. ஆனால் அளவுகளைச் சீனியர் ரெக்கார்டிலிருந்து காப்பி அடித்தேன். என் அளவு கொஞ்சம் கோணலாக வந்தது. சீனியருடைய கிராஃப் அழகாக இருந்தது. சார் கையெழுத்துப் போட்டார். வைவாவிலும் தப்பித்தேன். நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. இதைச் செய்யாதவர் நம்மில் எத்தனை பேர்?

அந்த வருட விடுமுறையில் அண்ணனுக்கு அம்மை போட்டுவிட்டது. "பத்து நாள் நீ போய் டிகிரி பார்த்து எழுதுடா" என்று அம்மா அனுப்பினார்கள். முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் பார்த்தேன். 25, 25½. மே மாத வெயில். கொட்டகை நிழலைவிட்டு இறங்க மனம் வரவில்லை. மூன்றாவது நாள், "நேத்து 25½, இன்னிக்கு 26 இருக்கும்" என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். அப்புறம் ஏழு நாளும் அப்படியே. வரிசை அழகாகத்தான் இருந்தது, சீனியர் கிராஃப் மாதிரி.

நான்கு பாத்தி உப்பு கசந்தது. வாரிக் குவித்த உப்பு காயவே இல்லை. வியாபாரி விலையைக் குறைத்தார். உப்பு வாரும் அக்காமார் அதை மறுபடி உவர்நீரில் கழுவிக் குவிக்க இரண்டு நாள் அதே வெயிலில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் நோட்டை எட்டிப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, நோட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு. பாத்தியில மட்டும் ஏன் இல்ல?"

அண்ணன் திட்டவில்லை. நான் எழுதிய எட்டு வரியையும் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதினார். அந்தப் பக்கம் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

அன்றுதான் புரிந்தது. படிப்பு நம்மோடு வருகிறது என்றால், படித்த விதமும் சேர்ந்துதான் வரும். அளந்து பழகியவனுக்கு அளக்கும் கை வரும். காப்பி அடித்துப் பழகியவனுக்குக் காப்பி அடிக்கும் கை வரும். நாளை நாம் போலீஸ் ஆனாலும் சரி, கடை வைத்தாலும் சரி, அந்தக் கைதான் வேலை செய்யும்.

மறுபக்கமும் உண்டு

நியாயமாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வேலை கிடைக்காததற்கு இந்தக் கட்டுரை சமாதானம் இல்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டுக்குப் "பழக்கம் கற்றுக்கொண்டேன்" என்ற பதில் போதாது. படித்த துறையில் வேலை கேட்பது நம் உரிமை. அதற்காக மாணவர் மன்றம் குரல் கொடுப்பதும் சரியே. இன்னொன்று, பொறியியல் பழக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மனிதர்கள் இயந்திரம் இல்லை. உப்பளத்தில் ஒரு பெரியவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்றால், அது பம்பு பழுது மாதிரி வரிசையாகச் சோதித்துக் கண்டுபிடிக்கிற விஷயம் ஆகாது. வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதை நமக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. நாமேதான் கற்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெயர்

கடைசியாக ஒன்று. என் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலர் முகம் மாறும். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். செய்தித்தாளில் எங்கள் ஊர் பெரிதாக வந்தது அதற்காகத்தான். எத்தனாலும் மெத்தனாலும் கண்ணுக்கு ஒரே மாதிரி நிறமற்ற திரவங்கள். ஒன்று கொதிப்பது 78 டிகிரி செல்சியஸில், மற்றது 65ஐ ஒட்டி. மெத்தனால் உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். மயக்கம் தெளிந்தது மாதிரி இருந்து பல மணி நேரம் கழித்தும் விஷம் வேலை செய்யும். அதனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தெருவில் இல்லை. "பார்க்க ஒன்றுபோல் இருப்பதெல்லாம் ஒன்று இல்லை" என்று சொல்ல, படித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்ட ஆட்கள் வேண்டும். அவர் மீன் விற்கிறாரா, கணக்கு எழுதுகிறாரா என்பது முக்கியம் இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். சுஜாதா, ஷங்கர் எல்லாம் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். 12 மூட்டைக் கதையை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப சரி, ஒழுங்காப் படி" என்றார். அவ்வளவுதான்.

தோழர்களே! அடுத்த முறை லேபில் உங்கள் மீட்டர் காட்டும் அளவு சீனியர் ரெக்கார்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், உங்கள் அளவையே எழுதுங்கள். ஏன் மாறியது என்று சாரிடம் கேளுங்கள். அளக்கவில்லை என்றால் "அளக்கவில்லை" என்று எழுதுங்கள். மதிப்பெண் இரண்டு குறையலாம். நாளை எந்த வேலைக்குப் போனாலும் உங்களோடு வரப்போவது அந்தப் பழக்கம்தான்.

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், எக்கியார்குப்பம்